மஞ்சள் விளக்கு எரிகிறது, பார்ட் வாங்கக் கடன் கேட்கலாமா?



நம்ம கூட்டமைப்பின் கடன் குழுவுக்கு வரும் விண்ணப்பங்களில் "வண்டி ரிப்பேர்" என்கிற காரணம் இப்போது அடிக்கடி தென்படுகிறது. ஆச்சரியம் இல்லை. காய்கறி ஏற்ற குட்டி யானை, பள்ளிப் பிள்ளைகளுக்கு வாடகை வேன் என்று குழுக் கடனில் வண்டி எடுத்த உறுப்பினர்கள் பெருகிவிட்டார்கள். ஆனால் அந்த விண்ணப்பங்களில் சிலவற்றின் கதை ஒரே மாதிரி இருக்கிறது. வீட்டிலேயே சின்னதாக ஒரு வேலை பார்த்தார்கள். மறுநாள் மீட்டரில் மஞ்சள் விளக்கு எரிந்தது. ஒர்க்‌ஷாப்பில் ஒரு நம்பரைக் காட்டி ஒரு பெரிய தொகை சொன்னார்கள்.

அதனால் இந்த மாதப் பாடம் அந்த விளக்கும் அந்த நம்பரும். "வண்டி ஆம்பளைங்க சமாச்சாரம், நமக்கெதுக்கு"ன்னு பக்கத்தைத் திருப்பிடாதீங்க. ஆர்.சி. புக் உங்கள் பெயரில் இருக்கிறது. தவணை கட்டுவது நீங்கள். ரிப்பேருக்கு இன்னொரு கடன் எடுத்தால் கையெழுத்துப் போடுவதும் நீங்கள்தான்.

விளக்கு என்ன சொல்கிறது?

எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு அது. சாவியைப் போட்டு முதல் சுற்றுத் திருப்பியதும் எரியும், வண்டி ஸ்டார்ட் ஆனதும் அணைந்துவிடும். அப்படி எரிந்து அணைந்தால் விளக்கு வேலை செய்கிறது என்று அர்த்தம். பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள் இதை முதலில் பாருங்கள். சாவி போட்டும் எஞ்சின் விளக்கு எரியவே இல்லை என்றால், பல்பு போயிருக்கலாம், இல்லாவிட்டால் பழுதை மறைக்க யாராவது வேண்டுமென்றே கழற்றியிருக்கலாம். "விளக்கே எரியல, வண்டி சூப்பர் கண்டிஷன்"னு விற்கிறவர் சொல்வதைக் கேட்டு ஏமாறக் கூடாது.

ஓடும்போது அந்த விளக்கு நிலையாக எரிந்தால், வண்டி கம்ப்யூட்டர் ஏதோ கணக்கு சரியில்லை என்று குறித்து வைத்திருக்கிறது. வண்டி வழக்கம்போல இழுத்தால் மெதுவாக வீடு வந்து சேரலாம். விளக்கு விட்டு விட்டு மின்னினால் விஷயம் வேறு. ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் எரியாமலே வெளியே போகிறது. அது சைலன்சர் பக்கம் இருக்கும் புகை சுத்திகரிக்கும் பெட்டிக்குள் போய் எரிந்து, அந்தப் பெட்டியையே சுட்டுக் கெடுத்துவிடும். அந்தப் பெட்டி விலை உயர்ந்தது. ஓரம் கட்டி நிறுத்தவும். சிவப்பு நிறத்தில் எண்ணெய்க் கிண்டி படமோ வெப்பமானி படமோ எரிந்தால் கேள்வியே வேண்டாம், உடனே எஞ்சினை நிறுத்த வேண்டும். "இன்னும் ரெண்டு கிலோமீட்டர்தான்"னு ஓட்டினால் எஞ்சினே பிடித்துக்கொள்ளும்.

கம்ப்யூட்டர் எதற்கு வந்தது?

கார் புகையால் காற்று கெட்டுப் போனதுதான் காரணம். அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலம் முதலில் இதில் இறங்கியது. 1996ஆம் ஆண்டு மாடலிலிருந்து அந்த நாட்டில் விற்கும் எல்லாக் கார்களும் தன் பழுதைத் தானே கண்டுபிடித்து, ஒரே மாதிரி நம்பரில் சொல்ல வேண்டும் என்று சட்டமானது. அதற்கு ஓ.பி.டி. 2 என்று பெயர். நம் நாட்டிலும் புகை விதிகள் இறுக இறுக இது வந்தது. 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் பி.எஸ். 6 விதி அமலானபோது ஸ்கூட்டரில்கூட அந்த மஞ்சள் விளக்கு வந்துவிட்டது. கார், வேனில் ஸ்டீயரிங்குக்குக் கீழே முழங்கால் இடிக்கும் பக்கம் 16 ஓட்டை உள்ள ஒரு சாக்கெட் இருக்கும். அதில் கருவியைச் சொருகினால் நம்பர் தெரியும். செல்போனோடு ப்ளூடூத்தில் சேரும் சின்னக் கருவிகள் சில நூறு ரூபாயிலிருந்து கிடைக்கின்றன.

இந்த நம்பருக்கு மெக்கானிக்குகள் சொல்லும் பெயர் "எரர் கோடு". (வரவு செலவு நோட்டில் ஸ்கேல் வைத்துப் போடும் கோடு இல்லை!) ஆங்கில எழுத்து ஒன்று, பின்னால் நாலு இடம். பி என்றால் எஞ்சின், கியர் சம்பந்தப்பட்டது. அடுத்து சைபர் வந்தால் எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான நம்பர். ஒன்று வந்தால் அந்தக் கம்பெனிக்கே உரியது, அதன் அர்த்தத்தை வேறு கம்பெனிப் பட்டியலில் தேடினால் தப்பான விடை வரும். அதற்கடுத்த எண் எந்தப் பிரிவு என்று சொல்லும். 1 என்றால் காற்றும் பெட்ரோலும் கலக்கும் இடம். 3 என்றால் தீப்பொறி. 6 என்றால் கம்ப்யூட்டரும் அதன் வயர்களும். இவ்வளவு தெரிந்தால் போதும், மீதியை மனப்பாடம் செய்யத் தேவையில்லை.

பால் சொசைட்டி மெஷின் மாதிரி

மாடு வைத்திருக்கும் அக்காமார்களுக்கு இது உடனே புரியும். சொசைட்டியில் பாலை ஊற்றி டெஸ்ட் பார்த்தால் "சத்து குறைவு" என்று காட்டுகிறது. தண்ணீர் சேர்ந்ததா, தீவனம் சரியில்லையா, கேனைக் கழுவியபோது தண்ணீர் தங்கிவிட்டதா என்று மெஷின் சொல்லாது. மாட்டை மாற்று என்று நிச்சயம் சொல்லாது. அளந்து பார்த்ததில் எது கணக்குக்கு ஒத்துவரவில்லை என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும்.

எரர் கோடும் அப்படித்தான். எந்த அளவு ஒத்துவரவில்லை என்பதை அது சொல்கிறது. எந்தப் பார்ட்டை வாங்குவது என்பதை அது சொல்வதில்லை. இந்த ஒரு வித்தியாசத்தில்தான் நம் உறுப்பினர்களின் பணம் போகிறது.

22,000 ரூபாய்க் கதை

ஒரு குழு உறுப்பினரின் வேன். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குத் தக்காளி லோடு அடிக்கிறது. மண்சாலையில் ஓடி ஏர் பில்டர் புழுதியாக இருந்தது என்று வீட்டுக்காரர் ஒரு ஞாயிற்றுக்கிழமை கழற்றித் தட்டி, சுத்தம் செய்து திரும்ப மாட்டினார். திங்கள் காலை மஞ்சள் விளக்கு. டவுனில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் கருவி போட்டுப் பார்த்து, "பி 0113 காட்டுது, கம்ப்யூட்டர் போயிருச்சு, 22,000 ஆகும்" என்றார்கள். உறுப்பினர் அவசரக் கடனுக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். அந்தக் கடன் குழுக் கூட்டத்தில் நானும் இருந்தேன்.

கூட்டத்தில் இருந்த ஒரு மூத்த அக்கா கேட்ட கேள்வி இது: "கம்ப்யூட்டர் செத்துப் போச்சுன்னா அந்த நம்பரை எழுதினது யாரு?" எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் கேள்வி சரியான கேள்வி. கம்ப்யூட்டர் தன் கோளாறையே தான் சொல்லிக்கொள்ளத் தனி வரிசை இருக்கிறது, அது பி 06 என்று ஆரம்பிக்கும். அது வந்தாலும் முதலில் பேட்டரியையும் எர்த் வயரையும்தான் பார்க்க வேண்டும். பி 0113 அந்த வரிசையே இல்லை.

பி 0113 சொல்வது என்ன? எஞ்சினுக்குள் போகும் காற்றின் சூட்டை அளக்க ஒரு சின்ன சென்சார் இருக்கிறது, பெரும்பாலும் ஏர் பில்டர் பெட்டியிலோ அதை ஒட்டிய குழாயிலோ. காற்று குளிரக் குளிர அதன் வயரில் வோல்ட் ஏறும். வயரே கழன்றுவிட்டால் வோல்ட் உச்சிக்குப் போய்விடும். அப்போது கம்ப்யூட்டருக்கு வெளியே கடும் பனி என்று தோன்றும். பல வண்டிகளில் கருவியில் மைனஸ் 40 டிகிரி என்று காட்டும். சித்திரை வெயிலில் திண்டுக்கல் பக்கம் மைனஸ் 40! அது நடக்காது என்று கம்ப்யூட்டருக்கும் தெரியும், அதனால்தான் விளக்கைப் போடுகிறது. இதே சென்சாருக்கு பி 0112 வந்தால் எதிர்ப்பக்கம், வோல்ட் ரொம்பக் குறைவு. வயர் எங்காவது உரசி ஒன்றோடொன்று ஒட்டியிருக்க வாய்ப்பு. பக்கத்துப் பக்கத்து நம்பர்தான், ஆனால் தேட வேண்டிய இடம் வேறு. அதனால் "ஏதோ நூத்திப் பத்து சொச்சம்னு சொன்னாங்க" என்று வரக் கூடாது. நாலு இலக்கத்தையும் எழுதி வாங்குங்கள்.

கூட்டம் முடிந்து வீட்டுக்குப் போய் பானெட்டைத் திறந்து பார்த்தார்கள். ஏர் பில்டர் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு வயர் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. பெட்டியைக் கழற்றும்போது எடுத்தது, மாட்ட மறந்தது. அழுத்தினார்கள், "டக்"கென்று பூட்டிக்கொண்டது. விண்ணப்பம் திரும்பப் பெறப்பட்டது.

எல்லா மெக்கானிக்கும் ஏமாற்றுகிறார்கள் என்று நான் சொல்லவில்லை. நம்பரைப் பார்ப்பது சுலபம், காரணத்தைத் தேட நேரம் வேண்டும். தேடும் நேரத்துக்கு நாம் கூலி கொடுக்கத் தயங்குகிறோம், பார்ட்டுக்கு மட்டும் கொடுக்கிறோம். "கண்டுபிடிச்சுச் சொல்லுங்கண்ணே, அதுக்குக் கூலி தர்றேன்" என்று முதலிலேயே சொல்லிவிட்டால் பல மெக்கானிக் அண்ணன்மார் பொறுமையாகப் பார்ப்பார்கள்.

கை பட்ட இடத்தை முதலில் பாருங்கள்

வீட்டில் வேலை பார்த்த அடுத்த நாளே விளக்கு எரிந்தால், சந்தேகம் முதலில் போக வேண்டியது நேற்றுக் கை பட்ட இடத்துக்கு. நல்லா இருந்த கம்ப்யூட்டர் நாம் பில்டரைத் துடைத்த அதே ராத்திரியில் தானாகச் சாவது அபூர்வம். எதையெதைக் கழற்றினோம், எந்த வயரை நகர்த்தினோம், எந்தக் குழாயை இழுத்தோம் என்று வேலை பார்த்தவரை உட்கார வைத்து வரிசையாகச் சொல்லச் சொல்லுங்கள். கோபப்படாமல் கேளுங்கள். திட்டினால் பாதியை மறைத்துவிடுவார்கள்.

இன்னொரு நம்பரும் நம் பக்கம் அடிக்கடி வருகிறது: பி 0171. காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்று அர்த்தம். புகைக்குழாயில் இருக்கும் ஆக்சிஜன் சென்சார் இதைக் கண்டு சொல்கிறது. உடனே "ஆக்சிஜன் சென்சார் மாத்தணும்" என்பார்கள். சொன்னவன் மேலேயே பழி போடுகிற மாதிரிதான் இது. பெரும்பாலும் காரணம் வேறு. எஞ்சின் தன் மூச்சுக் குழாய் வழியாக அளந்து காற்றை இழுக்கிறது. நாம் பெட்டியைத் திருப்பி மாட்டும்போது குழாய் கிளிப் சரியாக இறுகாமல் விட்டாலோ, விரல் தடிமன் ரப்பர் குழாய் ஒன்று பொசிந்து விரிசல் விட்டிருந்தாலோ, கணக்கில் வராத காற்று உள்ளே நுழையும். கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிக் கூட்டிச் சமாளித்துப் பார்க்கும், முடியாதபோது விளக்கைப் போடும். வண்டி நின்று ஓடும்போது "உஸ்ஸ்" என்று சத்தம் கேட்கலாம். ஒரு முழ ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து மறு முனையைக் குழாய் இணைப்புகள் பக்கம் கொண்டுபோனால் சத்தம் எங்கே என்று தெரியும். சிலர் பெட்ரோலைத் தெளித்துக் கசிவு தேடுவார்கள். அது தீ வைக்கும் வேலை, செய்யவே கூடாது.

எஞ்சின் ஓடும்போது எட்டிப் பார்க்கிறவர்கள் முந்தானையை இழுத்துச் செருகி, சடையைக் கொண்டையாகப் போட்டுக்கொண்டு பாருங்கள். மின்விசிறியும் பெல்ட்டும் துணியை இழுக்க ஒரு நொடி போதும். சில வண்டிகளில் எஞ்சினை நிறுத்திய பிறகும் விசிறி தானாகச் சுற்றும்.

மூன்றாவது, பி 0301, 0302, 0303, 0304. கடைசி எண் எந்த சிலிண்டரில் தீப்பொறி சரியாகப் பிடிக்கவில்லை என்று சொல்கிறது. பி 0300 என்றால் ஒன்று என்று இல்லாமல் மாறி மாறி. இது ஸ்பார்க் பிளக் மாற்றிய பிறகும் வரும், எஞ்சினை ஹோஸ் பைப்பால் கழுவிய பிறகும் வரும். குப்பை எரு ஏற்றிய வண்டியைக் கழுவுகிறோம், சரி. ஆனால் எஞ்சின் மேல் தண்ணீரைப் பீய்ச்சினால் பிளக் இருக்கும் குழியில் தண்ணீர் தேங்கும். தீப்பொறி அங்கே போய்விடும். எஞ்சினை நிறுத்தி ஆறவிட்டு, காயிலை எடுத்து, துணியால் துடைத்துக் காயவிட்டாலே சரியாகிவிடும்.

ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனிக் காயில் உள்ள வண்டியில் செலவில்லாத ஒரு சோதனை உண்டு. பி 0302 வந்தால், எஞ்சினை நிறுத்திவிட்டு இரண்டாவது காயிலையும் மூன்றாவது காயிலையும் இடம் மாற்றுங்கள். கோடை அழித்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். இப்போது பி 0303 வந்தால் கோளாறு காயிலோடு கூடவே நகர்ந்திருக்கிறது, காயில்தான் குற்றவாளி. மறுபடி 0302 என்றே வந்தால் காயில் நல்லது, பிளக்கையும் வயரையும் அடுத்துப் பார்க்க வேண்டும். நாலு காயிலையும் சேர்த்து மாற்றச் சொல்கிறவரிடம் இந்தச் சோதனை செய்தீர்களா என்று கேளுங்கள்.

பத்துப் பன்னிரண்டு கோடு ஒரே நேரத்தில் கொத்தாக வந்தால் பயந்துவிட வேண்டாம். பத்துப் பார்ட் ஒரே நாளில் கெடாது. பேட்டரி முனை தளர்ந்ததா, எர்த் வயர் மாட்டவில்லையா, பியூஸ் போனதா என்று பாருங்கள். வண்டி நாலைந்து நாள் சும்மா நின்றிருந்தால் எலியையும் சந்தேகப்படுங்கள். களத்துமேட்டுப் பக்கம் நிறுத்தும் வண்டிகளில் எலி வயரைக் கடிப்பது சாதாரணம்.

அழிப்பதற்கு முன் எழுதுங்கள்

"பேட்டரி வயரை அஞ்சு நிமிஷம் கழட்டி மாட்டு, விளக்கு போயிரும்" என்று டீக்கடையில் இலவச ஆலோசனை கிடைக்கும். விளக்கு போவது உண்மைதான். கூடவே சாட்சியும் போய்விடும். கோடு விழுந்த நேரத்தில் வண்டி என்ன வேகம், எஞ்சின் என்ன சூடு என்று கம்ப்யூட்டர் ஒரு குறிப்பு வைத்திருக்கும். அதுவும் அழிந்துவிடும். காரணம் சரியாகாததால் விளக்கு திரும்ப வரும், அப்போது முதலிலிருந்து தேட வேண்டும். திருட்டுப் போன வீட்டைப் போலீஸ் வருவதற்கு முன் கூட்டிப் பெருக்கிவிடுவதற்குச் சமம்.

அதனால் முதல் வேலை, கருவியில் தெரியும் எல்லாக் கோடையும் செல்போனில் படம் எடுங்கள், நோட்டிலும் எழுதுங்கள். தேதி, கிலோமீட்டர், கடைசியாக வீட்டில் பார்த்த வேலை மூன்றையும் சேர்த்து எழுதுங்கள். பிறகு சரிசெய்து, பிறகு அழித்து, பிறகு ஓட்டிப் பாருங்கள். சில கோளாறுகளுக்குக் கம்ப்யூட்டர் இரண்டாவது முறையும் பார்த்த பிறகே விளக்கைப் போடும். ஆகவே ஒரு நாள் எரியவில்லை என்றதும் கூலியை முழுதாகக் கொடுத்துவிடாமல் சில நாள் லோடு அடித்துப் பார்த்துக் கொடுப்பது நல்லது. அழிக்காமல் விட்டாலும், கோளாறு உண்மையிலேயே தீர்ந்திருந்தால் சில ஓட்டங்களில் விளக்கு தானே அணையும்.

எதில் கை வைக்கக் கூடாது?

டீசல் வண்டியில் இஞ்செக்டருக்குப் போகும் இரும்புக் குழாய்களைத் தளர்த்தவே கூடாது. இப்போதைய டீசல் வண்டிகளில் அங்கே இருக்கும் அழுத்தம் லாரி டயர்க் காற்றைப் போல நூறு மடங்குக்கும் மேல் போகும். டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். பெட்ரோல் வண்டியிலும் எஞ்சினை நிறுத்திய பிறகு குழாயில் அழுத்தம் நிற்கும். சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். ஸ்டீயரிங் பக்கம் மஞ்சள் உறை போட்ட வயர் ஏர்பேக் வயர், தொடாதீர்கள். வாரண்டி முடியாத வண்டி என்றால் பானெட்டைத் திறப்பதற்கு முன் சர்வீஸ் புத்தகத்தைத் திறங்கள்.

கடன் குழுவினர் கவனத்துக்கு

இனி வண்டி ரிப்பேர் விண்ணப்பம் வந்தால் கொட்டேஷனோடு கோடு நம்பரின் படத்தையும் கேட்டு வாங்கலாம். விளக்கு எரிவதற்கு முந்தைய வாரம் வண்டியில் யார், என்ன வேலை பார்த்தார்கள் என்று கேட்கலாம். அந்தப் பார்ட்தான் கெட்டது என்று எந்தச் சோதனையில் தெரிந்தது, பழைய பார்ட்டைத் திருப்பித் தருவார்களா என்பதையும் மெக்கானிக்கிடம் கேட்டு வரச் சொல்லலாம். உறுப்பினரைச் சந்தேகப்படுவதற்காக இல்லை இது. 22,000 ரூபாய்க்கு மாதாமாதம் அசலும் வட்டியும் கட்டப் போகிறவருக்கு நாம் செய்யும் உதவி. உண்மையிலேயே பார்ட் போயிருந்தால் தாமதிக்காமல் கடன் கொடுங்கள், வண்டி நின்றால் அன்றைய வருமானமும் நிற்கிறது.

அடுத்த குழுக் கூட்டத்துக்கு முன் வண்டி வைத்திருக்கும் ஒவ்வொரு உறுப்பினரும் இரண்டு வேலை செய்து வாருங்கள். சாவியை முதல் சுற்றுத் திருப்பி மஞ்சள் விளக்கு எரிந்து, ஸ்டார்ட் ஆனதும் அணைகிறதா என்று பாருங்கள். 2020க்குப் பிந்தைய கார், வேன் என்றால் ஸ்டீயரிங்குக்குக் கீழே அந்த 16 ஓட்டை சாக்கெட் எங்கே இருக்கிறது என்று கையால் தடவிக் கண்டுபிடியுங்கள். கண்டுபிடித்ததைத் தீர்மான நோட்டில் வண்டி எண்ணோடு எழுதி வையுங்கள்.